பயமில்லாத நோயாளி

ஹோவர்ட் பாரோஸ் நியூயார்க்கில் நரம்பியல் பயிற்சி மருத்துவராக இருந்தபோது அங்கே சாம் என்றொரு நோயாளி இருந்தார். நரம்பியல் நிபுணர்களுக்கான தகுதித் தேர்வில், தேர்வுக்கு வந்த மருத்துவர்கள் பரிசோதிப்பதற்காக அவரைக் கட்டிலில் படுக்க வைப்பார்கள். தேர்வு முடிந்ததும் எப்படிப் போயிற்று என்று பாரோஸ் விசாரித்தார். வந்தவர்களில் ஒருவர் சிடுசிடுத்தார், உடம்பை முரட்டுத்தனமாகக் கையாண்டார், அதனால் தானும் அவரைச் சும்மா விடவில்லை என்றார் சாம். உள்ளங்காலின் ஓரமாகக் கீறும்போது கட்டைவிரல் மேல்நோக்கி எழும்பினால் அதற்கு பாபின்ஸ்கி குறி என்று பெயர். மூளையிலோ தண்டுவடத்திலோ கோளாறு இருப்பதைக் காட்டுவது அது. சாம் அந்தக் குறியை வேண்டுமென்றே மற்றொரு காலில் காட்டியிருந்தார். தொட்டால் உணர்வில்லாத இடங்களையும் மாற்றிச் சொல்லியிருந்தார்.

நோயின் அடையாளங்களை ஒருவரால் நடித்துக் காட்ட முடியும் என்று பாரோஸ் அதிலிருந்து தெரிந்துகொண்டார். மருத்துவக் கல்வியில் பின்னால் வந்த பெரிய மாறுதலுக்கு அது ஒரு தொடக்கம். எனக்கு அந்தச் சம்பவத்தில் வேறொன்று உறுத்துகிறது. “நீங்க செஞ்சது எனக்கு வலிச்சது” என்று அந்த மருத்துவரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல சாமுக்கு வாய் வரவில்லை. வாயால் சொல்ல முடியாததைக் காலால் சொன்னார். கேட்கவேண்டியவருக்கு அது கேட்கவே இல்லை. தன் விடை ஏன் பிழையாயிற்று என்று அந்த மருத்துவர் அறிய வழியில்லை. அடுத்த நோயாளியையும் அவர் அப்படியேதான் தொட்டிருப்பார்.

நோயாளி தன் உடம்பைப் பற்றி மருத்துவரிடம் சொல்வார். மருத்துவரைப் பற்றி மருத்துவரிடம் சொல்லமாட்டார். நாளைக்கும் அதே வார்டில் படுத்திருக்க வேண்டும், அதே கையால் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், அதே கையெழுத்தில் டிஸ்சார்ஜ் சீட்டு வாங்க வேண்டும். நம் அரசு மருத்துவமனைகளில் காலை ரவுண்ட்ஸ் நேரத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது விளங்கும். “புரிஞ்சுதாம்மா?” என்று கேட்டால் “புரிஞ்சுதுங்க டாக்டர்” என்று பதில் வரும். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனதும் பக்கத்திலிருப்பவரிடம் “என்ன சொன்னாங்க?” என்று கேட்பார்கள். வெளியே டீக்கடைக்குப் போனால்தான், “முகங்கொடுத்தே பேசலீங்க” என்ற வார்த்தை வரும். அந்த வார்த்தை மருத்துவரின் காதுக்கு ஒருநாளும் போய்ச் சேர்வதில்லை.

மருத்துவ மாணவர்களுக்கும் செவிலிய மாணவர்களுக்கும் நடிகர்களை நோயாளியாக உட்கார வைத்துப் பேச்சுப் பயிற்சி தருவதை நான் முழுமனதாக ஆதரிப்பதற்குக் காரணம் இதுதான். அந்த அறையில் உட்கார்ந்திருப்பவர் மருத்துவரிடம் பயப்படத் தேவையில்லாத நோயாளி. அவருக்கு எந்தச் சிகிச்சையும் வேண்டாம். அதனால் அவரால் உண்மையைச் சொல்ல முடியும்.

பாரோஸ் 1963இல் லாஸ் ஏஞ்சல்ஸில், தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தார். மாணவர்கள் நோயாளியிடம் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று ஆசிரியர்கள் பார்ப்பதே இல்லை என்பது அவருடைய பெரிய குறை. மாணவர் தனியாகப் போய்ப் பரிசோதித்துவிட்டு வந்து ஒப்பிப்பார். ஆசிரியர் ஒப்பித்ததற்கு மார்க் போடுவார். கட்டிலருகே நடந்தது என்ன என்பது இருவருக்கு மட்டுமே தெரியும், அதில் ஒருவர் வாய் திறக்கமாட்டார். ஓவியப் பள்ளியில் மாடலாக இருந்த ஒரு பெண்ணுக்கு பாரோஸ் பயிற்சி கொடுத்தார். பாட்டி டகர் என்று ஒரு பாத்திரம். தண்டுவடத்தையும் மூளையையும் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயால் இரண்டு கால்களும் செயலிழந்தவள். அந்தப் பெண் கால்களின் தளர்ச்சியையும் உணர்விழப்பையும் நடித்தார். மாணவர் போனபின், அவர் என்ன செய்தார், எதை விட்டுவிட்டார் என்று ஒரு பட்டியலில் குறித்துக் கொடுத்தார். அடுத்த ஆண்டு ஸ்டீஃபன் ஆப்ரஹாம்சனோடு சேர்ந்து பாரோஸ் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். பத்திரிகைகள் கேலி செய்தன. ஹாலிவுட் இருக்கிற ஊர் ஆயிற்றே, மருத்துவக் கல்லூரிக்குள்ளும் நடிகைகள் வந்துவிட்டார்கள் என்றார்கள். சக பேராசிரியர்கள் பலருக்கும் அது மருத்துவத்தின் மரியாதையைக் கெடுக்கும் காரியமாகத் தோன்றியது.

உடம்புக்குப் பதில் பொம்மையை வைத்துப் பழகுவது அதற்கு முன்பே இருந்த வழக்கம். பிரான்சில் மதாம் து கூத்ரே என்ற மருத்துவச்சி துணியாலும் தோலாலும் கர்ப்பிணி இடுப்பைச் செய்து, 1759 முதல் அரசரின் ஆணையோடு ஊர் ஊராகப் போய் கிராமப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். அமெரிக்காவில் 1911 முதல் செவிலிய மாணவிகள் மிஸஸ் சேஸ் என்ற ஆளுயரப் பொம்மையைப் புரட்டிப் படுக்கவைத்துப் பழகினார்கள். 1960இல் நார்வேயின் பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்மண்ட் லேர்டால் செய்த ரெசஸி ஆனியின் மார்பை, உலகம் முழுவதும் கோடிக்கணக்கானவர்கள் அழுத்தி முதலுதவி பழகியிருக்கிறார்கள். அந்தப் பொம்மைக்கு வைத்திருப்பது, பாரிஸின் சேன் ஆற்றில் மிதந்து வந்ததாகச் சொல்லப்படும் பெயர் தெரியாத இளம்பெண்ணின் சாவு முகமூடி. கை பழகுவதற்கு அது போதும். எவ்வளவு அழுத்தினாலும் அந்த முகம் எதுவும் சொல்லாது.

பாரோஸின் வழி பரவியதற்குத் தேர்வுதான் காரணம். 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்டு ஹார்டன், மாணவர்கள் மணி அடிக்க அடிக்க ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர்ந்து சின்னச் சின்னச் செயல்களைச் செய்துகாட்டும் தேர்வு முறையை எழுதி வெளியிட்டார். இன்று நம் கல்லூரிகளில் எல்லோரும் ஆஸ்கி என்று சொல்வது அதைத்தான். நடிகர்கள் அந்த மேசைகளுக்கு வந்தார்கள். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரே நோயாளி, ஒரே மாதிரி கிடைக்கவேண்டும் என்ற தேவை வந்தபோது நடிப்பும் அளவெடுத்ததாக மாறியது.

அறைக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். 52 வயதுப் பெண், மார்பகத்தில் கட்டி, திசுப் பரிசோதனை முடிவு வந்திருக்கிறது, முடிவைத் தெரிவிக்கவும், பத்து நிமிடம் என்பதுபோல. உள்ளே இருக்கும் நடிகரிடம் இன்னொரு தாள் இருக்கும், அதில் மாணவருக்குத் தெரியாத பல விஷயங்கள் உண்டு. அந்தப் பெண் தையல் கடை வைத்திருப்பவள். மகளுக்குத் தையில் கல்யாணம். அக்கா இதே நோயில் போனவள். மாணவர் தானாகப் பேச்சை நிறுத்திச் சில நொடிகள் காத்திருந்தால் மட்டுமே அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். பேசிக்கொண்டே போனால் சொல்லக்கூடாது என்று ஆசிரியர் அவரிடம் கூறியிருப்பார். இந்த ஏற்பாட்டின் நுணுக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. நோயாளியின் மனதுக்குள் ஒரு கதவு இருக்கிறது, அது மௌனத்துக்கு மட்டுமே திறக்கும் என்பதைப் பாடப்புத்தகத்தில் எழுதிப் புரியவைக்க முடியாது. இங்கே அந்தக் கதவு திறக்காமலே பத்து நிமிடம் முடிந்துபோவதை மாணவர் அனுபவிக்கிறார்.

முடிந்தபின் நடப்பதுதான் பயிற்சியின் உயிர். முதலில் மாணவர் பேசுகிறார், பிறகு பார்த்துக்கொண்டிருந்த நண்பர்கள், பிறகு நடிகர். “புத்துநோய்னு சொன்னீங்க. அதுக்கப்புறம் நீங்க பேசின எதுவும் என் காதுல விழல. ஆபரேஷன், கீமோ, கதிரியக்கம்னு வரிசையா சொல்லிக்கிட்டே போனீங்க. நான் உங்க பேனாவைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்” என்று ஒரு நடிகர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 21 வயது மாணவருக்கு இந்த வாக்கியத்தை வேறு யார் சொல்வார்கள்? பேராசிரியருக்கு இது தெரியாது; அவர் நாற்காலியின் மறுபக்கத்தில் உட்கார்ந்து நாளாகியிருக்கும். உண்மையான நோயாளிக்குத் தெரியும், சொல்லமாட்டார். இதற்குப் பிறகு ஆசிரியர், “சரி, புத்துநோய்ங்கிற வார்த்தைக்கு முன்னாடியிலிருந்து மறுபடி ஆரம்பிப்போம்” என்கிறார். நடிகர் பழையபடி முந்தானையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார். ஒரு சாவுச் செய்தியை, ஒரு கெட்ட செய்தியை, இரண்டாம் தடவை சரியாகச் சொல்லிப்பார்க்க வாழ்க்கையில் யாருக்கும் வாய்ப்பில்லை.

நடிப்பவர்களுக்கு இதில் ஒரு சுமை உண்டு. ஒரே காலையில் ஏழெட்டு முறை புற்றுநோய்ச் செய்தியைக் கேட்டு அழுதவரின் உடம்பு, அது பொய்யான அழுகை என்று எடுத்துக்கொள்வதில்லை. நன்றாக நடத்தும் இடங்களில் நாள் முடிவில் அவர்களை உட்காரவைத்துச் சொந்தப் பெயரைச் சொல்லிப் பேசவைத்து, பாத்திரத்தைக் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

பேச்சுப் பயிற்சி எதற்கு, நல்ல மனசு இருந்தால் போதாதா என்று கேட்கும் மருத்துவர்கள் உண்டு. ஹோவர்ட் பெக்மனும் ரிச்சர்டு ஃபிராங்கலும் 1984இல் வெளியிட்ட ஆய்வில் 74 சந்திப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டார்கள். நோயாளி தான் வந்த காரணத்தைச் சொல்லத் தொடங்கி, சராசரியாக 18 நொடிகளில் மருத்துவர் குறுக்கிட்டார். நாலில் ஒருவர்கூடத் தொடங்கியதை முழுதாகச் சொல்லி முடிக்கவில்லை. அந்த மருத்துவர்கள் கெட்ட மனிதர்கள் அல்ல. முதல் வாக்கியத்தைக் கேட்டதுமே நோயைத் தேடி மூளை ஓடத் தொடங்கிவிடுகிறது, காது பின்தங்கிவிடுகிறது. படித்துத் தேர்ந்ததன் விளைவு அது. படிப்பால் வந்ததைப் படிப்பால்தான் திருத்தவேண்டும். நம் நாட்டில் இன்னொரு நெருக்கடி. 67 நாடுகளின் தகவல்களைத் திரட்டி 2017இல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஆரம்பநிலை மருத்துவச் சந்திப்பு ஸ்வீடனில் 22 நிமிடத்துக்கு மேல் நீள்கிறது, பங்களாதேஷில் 48 நொடி. இந்தியா இரண்டு நிமிடத்தையொட்டி நிற்கிறது. இரண்டு நிமிடத்தில் எங்கே கேட்பது என்ற கேள்வி நியாயமானது. ஆனால் இரண்டே நிமிடம் இருக்கிறவர்தான் முதல் அரை நிமிடத்தைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

கெட்ட செய்தி சொல்வதற்கு ஸ்பைக்ஸ் என்ற ஆறு படிகளை வால்டர் பெய்லும் ராபர்ட் பக்மனும் சகாக்களும் 2000இல் எழுதினார்கள். இன்று உலகம் முழுக்க அதுதான் பாடம். தனியிடத்தில் உட்காரவை, நோயாளிக்கு என்ன தெரியும் என்று கேள், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேள், சொல், உணர்ச்சிக்கு இடம் கொடு, அடுத்து என்ன என்று பேசு. நல்ல பாடம். இதைத் தமிழ்நாட்டு வார்டுக்குக் கொண்டுவரும்போது முதல் படியிலேயே இடறுகிறது. தனி அறை இல்லை. பக்கத்துக் கட்டில் கேட்டுக்கொண்டிருக்கிறது. நோயாளியைச் சுற்றி மகன், மருமகள், கொழுந்தன், ஊரிலிருந்து வந்த வாத்தியார். மூன்றாவது படியில் இன்னும் பெரிய இடறல். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று நோயாளியைக் கேட்கும் முன்பே, மகன் மருத்துவரை வராந்தாவுக்கு அழைத்துப்போய், “அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர், தாங்கமாட்டாரு” என்கிறார். அப்பாவோ இரவில் சிஸ்டரிடம், “பசங்களுக்குத் தெரியவேண்டாம்மா, பயந்துடுவாங்க” என்கிறார். இருவருக்கும் தெரியும், இருவரும் ஒருவருக்காக ஒருவர் தெரியாதவர்போல் இருக்கிறார்கள். இதை வெறும் மூடத்தனம் என்று ஒதுக்குகிறவர்களோடு நான் உடன்படமாட்டேன். அது பாசத்தின் ஒரு வடிவம். அதேசமயம் அந்தப் பாசம், சாகப்போகிறவர் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டுப் போகும் வாய்ப்பை அவரிடமிருந்து பறிக்கிறது. சட்டமும் நோயாளியின் பக்கம்தான் நிற்கிறது. 2008இல் சமீரா கோஹ்லி வழக்கில், மயக்கத்தில் இருந்த வயதுவந்த மகளுக்காகத் தாய் கொடுத்த சம்மதம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அந்த வராந்தாவில் நின்று மகனிடம் என்ன பேசுவது? இதைத்தான் நம் மாணவர்கள் பழகவேண்டும். “உங்க அப்பாவை நானும் நோகடிக்க விரும்பல. அவரே கேட்டா நான் பொய் சொல்லமுடியாதுங்க. அவருக்கு என்ன தெரிஞ்சுக்கணும்னு நாம சேர்ந்து போய்க் கேட்போமா?” என்று ஒரு பயிற்சி மருத்துவர் சொல்லவேண்டியிருக்கிறது. கோபமான மகன், பதிலே பேசாத மருமகள், கூடவந்து எல்லாவற்றுக்கும் பதில் சொல்லும் உறவுக்காரர் என்று மூன்று நடிகர்கள் அந்தக் காட்சிக்குத் தேவை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு நோயாளி என்ற வெளிநாட்டு அறையை அப்படியே இறக்குமதி செய்தால் நம் மாணவர்கள் இங்கே இல்லாத ஒரு மருத்துவமனைக்குத் தயாராவார்கள்.

செவிலியர்களைப் பற்றிச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. டாக்டர் சொல்லிவிட்டுப் போனதை இரவு இரண்டு மணிக்கு விளக்கிச் சொல்கிறவர் சிஸ்டர்தான். அவர்களுக்கும் ஒரு பயம் உண்டு, அது மருத்துவரைப் பற்றியது. 2005 மார்ச்சில் இங்கிலாந்தில் எலேன் பிரோம்லி என்ற 37 வயதுப் பெண் ஒரு சாதாரண சைனஸ் அறுவைக்காகப் போனார். மயக்கம் கொடுத்தபின் மூச்சுக்குழாயில் குழாய் இறங்கவில்லை. அனுபவமுள்ள மருத்துவர்கள் அதே முயற்சியைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தார்கள். ஒரு செவிலியர் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைக்கும் கருவிகளைக் கொண்டுவந்து, தயாராக இருக்கிறது என்று சொன்னார். இன்னொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கை கேட்டார். மருத்துவர்கள் பார்த்த பார்வையில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். எலேன் 13 நாள் கழித்து இறந்தார். என்ன செய்யவேண்டும் என்று அந்த அறையில் தெரிந்தவர்கள் இருந்தார்கள், அவர்களின் குரலுக்கு வலு இல்லை. அவருடைய கணவர் மார்ட்டின் பிரோம்லி விமானி. விமானத்தில் துணை விமானி தலைமை விமானியைத் தடுத்துப் பேசுவதைப் பாவனை அறைகளில் பயிற்சியாகவே தருகிறார்கள் என்பதை அறிந்தவர். மருத்துவத்திலும் அது வேண்டும் என்று 2007இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார். நம் செவிலியக் கல்லூரி மாணவியும் மருத்துவக் கல்லூரி மாணவரும் ஒரே அறையில் ஒரே காட்சியைச் சேர்ந்து நடிக்கும் பயிற்சி அபூர்வம். “சார், டோஸ் அதிகமா இருக்கு, ஒரு தடவை பார்த்துடுங்க” என்ற வாக்கியத்தை அந்தப் பெண் அங்கே பழகவேண்டும். அதைக் கேட்டதும் முகம் சுளிக்காமல் இருக்க அந்தப் பையன் பழகவேண்டும். இரண்டாவது பயிற்சி முதலாவதைவிடக் கடினம்.

இனி இந்த முறையின் நோயைப் பற்றிப் பேசவேண்டும். மார்க் என்று வந்ததும் எதுவும் கெடும். அமெரிக்காவில் மருத்துவர் உரிமம் பெற விரும்பியவர்கள் 2004 முதல் நடிகர்களிடம் செய்துகாட்டும் ஒரு தேர்வை எழுதவேண்டியிருந்தது. ஒரே நாளில் 12 நோயாளிகள், ஆளுக்கு 15 நிமிடம். ஐந்து நகரங்களில் மட்டுமே மையம், 1,300 டாலரையொட்டிக் கட்டணம். இந்தியாவில் படித்துவிட்டு அங்கே போக நினைத்த மருத்துவர்களும் கடன் வாங்கிப் பறந்துபோய் எழுதினார்கள். கதவைத் தட்டு, பெயர் சொல், போர்வையைச் சரிசெய், வருத்தம் தெரிவி என்று வரிசையாக மனப்பாடம் செய்துகொடுக்கும் பயிற்சி வகுப்புகள் பெருகின. கொரோனாவால் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட அந்தத் தேர்வு 2021 ஜனவரியில் ஒரேயடியாகக் கைவிடப்பட்டது. அதற்காக நான் வருந்தவில்லை. மாணவர்களுக்காக நோயாளியாக நடித்த அனுபவத்தை எழுத்தாளர் லெஸ்லி ஜேமிசன் 2014இல் வெளியான தன் கட்டுரைத் தொகுப்பின் முதல் கட்டுரையில் எழுதியிருக்கிறார். அவர் கையிலிருந்த மதிப்பெண் பட்டியலில், மாணவர் பரிவை வாய்விட்டுச் சொன்னாரா என்பதும் ஒரு கேள்வி. மனதுக்குள் இருந்தால் மார்க் இல்லை. சொன்னால் மார்க் உண்டு, மனதில் இல்லாவிட்டாலும்.

இதைவிடக் கசப்பான தகவல் 2013 டிசம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வந்தது. ராண்டல் கர்ட்டிஸும் சகாக்களும் 470க்கும் மேற்பட்ட பயிற்சி மருத்துவர்களையும் செவிலியர்களையும் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு நடிகர்களோடு எட்டு அமர்வுகள் பயிற்சி கொடுத்தார்கள். மரணத் தறுவாயில் இருப்பவர்களிடம் பேசுவதுதான் பாடம். பிறகு உண்மையான நோயாளிகளிடமும் குடும்பத்தாரிடமும் போய்க் கேட்டார்கள். பயிற்சி பெற்றவர்களின் பேச்சு மேம்பட்டதாக அவர்கள் சொல்லவில்லை. பயிற்சி பெற்றவர்களிடம் பேசிய நோயாளிகளுக்கு மனச்சோர்வு அளவு சற்றே கூடுதலாகவும் இருந்தது. பயிற்சியை எதிர்ப்பவர்கள் இந்த ஆய்வைக் கையில் எடுத்துக்கொள்கிறார்கள். நான் இதை வேறுவிதமாக வாசிக்கிறேன். உண்மையைத் தெளிவாகக் கேட்டவருக்கு மனம் கனப்பது இயல்பு, அதை மட்டும் வைத்துப் பேச்சு மோசம் என்று சொல்லிவிட முடியாது. மேம்பாடு தெரியவில்லை என்பதுதான் யோசிக்கவேண்டியது. இதே துறையில் லெஸ்லி ஃபாலோஃபீல்டு 2002இல் வெளியிட்ட பிரிட்டிஷ் ஆய்வில், 34 மையங்களைச் சேர்ந்த 160 புற்றுநோய் மருத்துவர்கள் பங்கேற்றார்கள். மூன்று நாள் பயிற்சிக்குப் பிறகு, தங்கள் சொந்த நோயாளிகளோடு அவர்கள் பேசியதைப் படம்பிடித்துப் பார்த்ததில் மாற்றம் தெரிந்தது. திறந்த கேள்விகள் கூடின, பரிவான பேச்சு கூடியது. அவர்கள் ஏற்கெனவே நிபுணர்களாக வேலை செய்துகொண்டிருந்தவர்கள். கற்றதைச் செய்யவிடாமல் தடுக்க அவர்களுக்கு மேலே ஆள் குறைவு. பயிற்சி மருத்துவர் அப்படியல்ல. பயிற்சி அறையில் கற்ற பேச்சை வார்டில் தலைமை மருத்துவர் கேட்டு, “கதை பேச நேரமில்ல, அடுத்த பெட்” என்றால் அதோடு முடிந்தது. முகம்மதுரேசா ஹோஜத்தும் சகாக்களும் 2009இல் காட்டியதும் இதையே சுட்டுகிறது. அமெரிக்க மருத்துவ மாணவர்களின் பரிவு மூன்றாம் ஆண்டில்தான் சரிகிறது. அதாவது, அவர்கள் நோயாளிகளிடம் போய்ச் சேரும் ஆண்டில்.

ஆகவே பயிற்சி அறையைக் கட்டிவிட்டால் வார்டு தானே திருந்தும் என்று நான் நம்பவில்லை. முதலில் மாணவரின் அந்த நாற்காலியில், நடிகருக்கு எதிரே உட்காரவேண்டியவர்கள் யூனிட் தலைவர்கள். அவர்கள் ஒருமுறை ஒரு நடிகரின் வாயால் தங்களைக் கேட்டால், மாணவரை வார்டில் காத்துநிற்கும் கருணை வரக்கூடும்.

இந்திய மருத்துவக் கவுன்சில் 2018இல் மனப்பாங்கு, அறநெறி, தொடர்பாடல் மூன்றையும் சேர்த்து ஏட்காம் என்ற பாடத்தைக் கொண்டுவந்தது. 2019இல் சேர்ந்தவர்களிலிருந்து எம்பிபிஎஸ் மாணவர்கள் எல்லோரும் அதைப் படிக்கிறார்கள். காகிதத்தில் அது அருமையான பாடம். நடிகர்களுக்குக் கொடுக்கப் பணமில்லாத இடங்களில் மாணவர்களே மாறி மாறி நோயாளியாக உட்காருகிறார்கள். நோயாளி நாற்காலியில் ஒருமுறை உட்கார்ந்து பார்ப்பது நல்லதுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் தோழன் ஒருநாளும் பயமில்லாத நோயாளியாக ஆகமாட்டான், அடுத்து அவன் முறை வரப்போகிறது. அதோடு அவனுக்கு நோயின் பெயர் தெரியும். கேட்டதும் பாடப்புத்தக வரிசையில் அறிகுறிகளை அடுக்கிவிடுவான். வார்டில் படுத்திருக்கும் அம்மா அப்படிச் சொல்லமாட்டார். நெஞ்சு கரிக்குது, கிறுகிறுன்னு வருது, கை கால் ஓய்ஞ்சு போகுது என்று தொடங்கி மருமகளோடு போட்ட சண்டை வழியாகப் போய், மூன்று நாளாக மாத்திரை தீர்ந்துவிட்டதில்தான் வந்து நிற்பார். அந்த வழி முழுவதும் கூடவே நடக்கத் தெரியவேண்டும்.

இன்னொரு நியாயமும் இந்தப் பயிற்சிக்கு உண்டு, நான் அதை எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன். இந்நாட்டில் மருத்துவம் கற்றவர்கள் எல்லோரும் ஏழைகளின் உடம்பில்தான் கற்றிருக்கிறார்கள். வீங்கிய கல்லீரலோடு அரசு ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு கூலித் தொழிலாளியின் வயிற்றை, ஒரே காலையில் இருபது மாணவர்கள் அழுத்திப் பார்ப்பார்கள். மாணவரின் தடுமாற்றம் நிறைந்த முதல் வார்த்தைகளையும் அவர்தான் வாங்கிக்கொள்கிறார். இஸ்ரேலின் அமிதாய் ஸிவ் 2003இல் எழுதிய கட்டுரையில் பாவனைப் பயிற்சியை ஓர் அறக் கடமை என்றே வாதிட்டார். சரியான வாதம். முதல் தவறுகளைச் சம்பளம் வாங்கும் நடிகரிடம் செய்துவிட்டு வரலாம் என்ற வழி இருக்கும்போது, அதைப் பணம் தராத ஏழையிடம் செய்வதற்கு இனி நியாயம் கிடையாது.

ஆளுக்கு எங்கே போவது என்று கல்லூரிகள் கேட்கின்றன. 1977இல் ந. முத்துசாமி கூத்துப்பட்டறையைத் தொடங்கியதிலிருந்து எத்தனையோ நாடகக் குழுக்கள் இங்கே நடிகர்களை உருவாக்கியிருக்கின்றன, பலரும் மாத வருமானம் இல்லாதவர்கள். ஓய்வுபெற்ற செவிலியர்கள் இருக்கிறார்கள். புற்றுநோயிலிருந்து மீண்டவர்கள், டயாலிசிஸ் நாற்காலியில் ஆண்டுகளைக் கழித்தவர்கள், அம்மாவின் கட்டிலருகே மாதக்கணக்கில் தூங்கியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். 2022 ஜனவரியில் ஒரே நாளில் தமிழ்நாட்டில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. ராமநாதபுரத்திலும் அரியலூரிலும் கிருஷ்ணகிரியிலும் நீலகிரியிலும் படிக்கும் பிள்ளைகள் அந்தந்த ஊர்ப் பேச்சில் வலியைக் கேட்டுப் பழக, அந்தந்த ஊர்க்காரர்களே எதிரே உட்காரவேண்டும். அவர்களுக்குக் கூலியும் பயிற்சியும் கொடுக்கும் செலவு, கணினியால் இயங்கும் ஒரு பயிற்சிப் பொம்மையின் விலைக்குள் அடங்கிவிடும் என்று நினைக்கிறேன். கல்லூரி முதல்வர்கள் தங்கள் நிதிக்கோரிக்கையில் பொம்மைக்கு முன்னால் இதை எழுதவேண்டும்.

இதை வாசிப்பவர்களில் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து, கேட்டதும் கேட்காததுமாக ஒரு செய்தியை வாங்கிக்கொண்டு வீடு திரும்பியவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்கள் ஊர் மருத்துவக் கல்லூரியோ செவிலியக் கல்லூரியோ ஆள் தேடி அழைத்தால் மறுக்காமல் போங்கள். அழைக்காவிட்டால் நீங்களே போய்க் கேளுங்கள். அன்றைக்கு அந்த டாக்டரிடம் சொல்லாமல் விட்டதை அந்த மாணவரிடம் சொல்லுங்கள்.